வேதக்காரர்

எங்கள் ஊர்ப்பக்கம் 'கிறிஸ்தவர்' என்ற சொல்லை யாரும் அதிகம் வாயால் சொல்வதில்லை. அது கல்யாணப் பத்திரிகையிலும் சாதிச் சான்றிதழிலும் வருகிற சொல். பேச்சில் 'வேதம்'தான். "அவிய வேதக்காரவுகல்லா" என்பார்கள். "அவுக தாத்தா காலத்துலயே வேதத்துல சேந்தாச்சு" என்பார்கள். கோயிலுக்குப் போகிறேன் என்றால் "எந்தக் கோயிலு, வேதக்கோயிலா?" என்று திருப்பிக் கேட்பார்கள். ஏரல் ஆற்றுப்பாலத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இதுதான் வழக்கு. நான் பெங்களூருக்கு வேலைக்கு வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. இன்றும் ஆபீஸில் யாராவது "நீங்க கிறிஸ்டியனா?" என்று கேட்டால் ஒரு நொடி வேறு யாரையோ கேட்பதுபோல் இருக்கும். "நீங்க வேதமா?" என்று கேட்டால் தலை தானாக ஆடிவிடும்.

வேதத்தைக் காதால் கேட்பதே குற்றம் என்று ஒதுக்கிவைக்கப்பட்ட சாதிகளின் பிள்ளைகள்தான் தாமிரபரணிக் கரையில் 'வேதக்காரர்' ஆனார்கள். நினைத்தால் சிரிப்பும் வருகிறது, சந்தோஷமாகவும் இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் பக்கத்து வீட்டுக்காரர் கூப்பிடுகிற தொனிதான் இருக்கிறதே தவிர, ஒருவர் தனக்குத் தானே வைத்துக்கொண்ட பெயரின் தொனி இல்லை.

'கிறிஸ்தவர்' என்ற பெயரின் கதையும் கிட்டத்தட்ட இதேதான். சுவிசேஷங்களில் இயேசு அந்தச் சொல்லை ஒருமுறைகூடச் சொல்வதில்லை. புதிய ஏற்பாடு முழுக்கத் தேடினாலும் மூன்றே இடம். அப்போஸ்தலர் நடபடிகள் 11ஆம் அதிகாரத்தில், அந்தியோகியா ஊரில் சீஷர்களுக்கு முதன்முதலாக அந்தப் பெயர் வழங்கியது என்று வருகிறது. அதாவது ஊரார் வைத்த பெயர். 26ஆம் அதிகாரத்தில் அகிரிப்பா ராஜா பவுலிடம் பாதி கிண்டலாகச் சொல்கிறான். மூன்றாவது பேதுருவின் முதல் நிருபம். அங்கே அது பாடுபடுவதற்குக் காரணமான பெயர், கிட்டத்தட்ட ஒரு குற்றச்சாட்டு. ஒருவன் தானாக எழுந்து நின்று 'நான் கிறிஸ்தவன்' என்று அறிவிக்கிற காட்சி ஒன்றுகூட அதில் கிடையாது.

அப்படியானால் ஒருவர் தன்னைத்தானே அப்படிச் சொல்லிக்கொள்வதன் பொருள் என்ன? பிரசங்கங்களில் இதற்குப் பதில் நிறைய உண்டு, கேட்டு வளர்ந்தவன் நான். எனக்கு அதைவிட உதவிய பதில் ஒரு சிறுகதையில் இருக்கிறது. வண்ணநிலவனின் 'எஸ்தர்'. இந்தக் கட்டுரை அந்தக் கதையைப் பற்றியதுதான். ஆனால் அங்கே நேராகப் போய்விட முடியாது. ஏரலிலிருந்து கொற்கை, சாயர்புரம் என்று கொஞ்சம் சுற்றித்தான் போக வேண்டும்.

ஏரலுக்குப் பக்கத்தில்தான் கொற்கை. பாடப்புத்தகத்தில் பாண்டியர் துறைமுகம் என்று படித்தோமே, அதேதான். கடல் எப்போதோ விலகிப்போய்விட்டது. இப்போது அங்கே வயலும் குளமும் வாழையும். அந்த ஊரில் 1823ல் பிறந்தவர் அருமைநாயகம் சட்டாம்பிள்ளை. சாயர்புரத்தில் ஜி.யு.போப் நடத்திய செமினரியில் படித்தார். திருவாசகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன அதே போப். படித்து முடித்து மிஷனில் உபதேசியார் வேலை. நாசரேத்தில் இருந்த மிஷனரி கெம்மரரோடு மோதல் வந்தது, வேலை போயிற்று.

அதே காலத்தில், 1849ல், கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு சிறுநூல் வெளியிட்டார். பனையேறும் மக்களை அறிவில் மந்தமானவர்கள், பேய்களைக் கும்பிடுகிறவர்கள் என்று சித்திரித்த நூல் அது. ஏழு வருஷம் கழித்து திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதி நமக்கெல்லாம் பெருமை தேடித்தந்தவரும் இவரேதான். தன்னை நம்பி வேதத்தில் சேர்ந்த ஜனங்களைப் பற்றி, அவர்களுக்குப் படிக்கத் தெரியாத மொழியில், கடல் தாண்டி இருக்கிறவர்களுக்கு எழுதினார். அந்த ஜனங்களின் பிள்ளைகள் ஆங்கிலம் படிப்பார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலும். படித்தார்கள். முப்பது வருஷம் கழித்துக்கூட அந்த நூலுக்கு எதிர்ப்பு ஓயவில்லை.

1857ல் நாசரேத்தை ஒட்டிய பிரகாசபுரத்தில் சட்டாம்பிள்ளையும் அவரோடு வந்தவர்களும் மிஷனை விட்டு விலகி இந்து கிறிஸ்தவ சபை என்று ஒன்றைத் தொடங்கினார்கள். வடக்கே சிப்பாய்கள் கிளம்பிய அதே வருஷம். வெள்ளைக்காரக் குருமார் வேண்டாம், சம்பளம் வாங்குகிற குருமாரும் வேண்டாம். ஓய்வுநாள் சனிக்கிழமை. தரையில் விழுந்து கும்பிடுவது, தூபம் போடுவது, பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள், லேவியராகமத்தில் சொல்லியிருக்கிற தீட்டு ஒழுங்குகள்.

இதைப் பழைய பழக்கத்தை விட மனசில்லாத ஆட்களின் வேலை என்று சுலபமாகத் தள்ளிவிடலாம். எனக்கு அவருடைய முறைதான் பிடித்திருக்கிறது. மேனுவலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு வென்டாரிடம் சண்டைக்குப் போகிற ஆள் எல்லா ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். சட்டாம்பிள்ளை அந்த ஆள். அவருடைய வாதத்தை என் வார்த்தையில் சொன்னால் இப்படி இருக்கும்: நீங்க குடுத்த புஸ்தகத்த நான் முழுசா வாசிச்சிட்டேன், அதுல ஓய்வுநாள் சனிக்கிழமைன்னுதான் போட்டிருக்கு, அத ஞாயித்துக்கிழமைக்கு மாத்துனது யாரு? தூபமும் தீட்டும் அதுல இருக்கு, எங்க வீட்லயும் இருக்கு, ஒங்க வீட்லதான் இல்ல. அப்போ யாரு அதிகமா வேதக்காரவுக?

அவர் ரூத்தின் கதையை எடுத்துச் செய்யுளாகவும் பாடியிருக்கிறார். ஏன் ரூத் என்று யோசித்தால் காரணம் பிடிபடுகிறது. ரூத் மோவாபியப் பெண், இஸ்ரவேலுக்கு அந்நியள். எந்த மிஷனரியும் அவளை மாற்றவில்லை. விதவையான மாமியாரைத் தனியே விட்டுவிட மனசில்லாமல் கூடவே நடந்து வந்தவள். அப்படி வந்தவள் தாவீது ராஜாவுக்கே பூட்டி ஆனாள். வேதத்துக்குள் போக வெள்ளைக்காரன் வாசல் தேவையில்லை என்று காட்ட இதைவிடத் தோதான கதை கிடைக்காது. ஆனால் அந்தக் கதையில் இன்னொன்றும் இருக்கிறது: வயசான மாமியாரை விட்டுப் போகாமை. இதைப் பிறகு பார்ப்போம்.

சட்டாம்பிள்ளை மேல் எனக்குள்ள மரியாதையோடு ஒரு குறையையும் சொல்ல வேண்டும். இந்தப் பெயரைச் சொல்ல யாருக்கு உரிமை என்ற கேள்வியை அவர் அளவுக்குக் கூர்மையாகக் கேட்டவர் இந்தப் பக்கத்தில் இல்லை. ஆனால் உரிமை கிடைத்த பிறகு அந்தப் பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்ற கேள்வி அவரிடம் வலுவாக எழவில்லை. சபை பெரும்பாலும் நாடார்களின் சபையாகவே நின்றுவிட்டது. அவருடைய 'நான் கிறிஸ்தவன்' வெள்ளைக்காரனைப் பார்த்துச் சொன்னது. பக்கத்துத் தெருவைப் பார்த்துச் சொல்லப்படவில்லை.

இந்தப் பெயரை யாரைப் பார்த்துச் சொல்கிறோம் என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. என் சான்றிதழில் கிறிஸ்தவ நாடார் என்று இருக்கிறது. தமிழ்நாட்டுப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நாடாரும் கிறிஸ்தவ நாடாரும் ஒரே வரிசையில் சேர்ந்தே வருகிறார்கள். தாசில்தார் ஆபீஸில் அந்தப் பெயரைச் சொல்ல எனக்கு ஒரு பைசா செலவில்லை. என் வயசுள்ள ஒரு தலித் கிறிஸ்தவனுக்கு அப்படியில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத்தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும். பிறகு 1956ல் சீக்கியர்களையும் 1990ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இன்றுவரை இல்லை. 2024 நவம்பரில் ஒரு புதுச்சேரிப் பெண்ணின் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது: ஞானஸ்நானம் பெற்று, கோயிலுக்கும் ஒழுங்காகப் போய்க்கொண்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சான்றிதழ் கேட்பது அரசியல் சாசனத்தை ஏமாற்றுவது என்று. ஆக, ஒருவர் கிறிஸ்தவரா இல்லையா என்று நீதிமன்றமும் ஒரு வரையறை வைத்திருக்கிறது. தண்ணீரும் வருகைப்பதிவும். சேரிக்குத் தனிக் கல்லறை வைத்த சபைகளிடம் யாரும் வரையறை கேட்டதில்லை. பாமாவின் 'கருக்கு' 1992ல் வந்தபோது அது தந்த அதிர்ச்சி இதுதான். அவர் கன்னியர் மடத்துக்குப் போனதே ஏழைப் பிள்ளைகளுக்கு ஏதாவது செய்யலாம் என்று. உள்ளே போய்ப் பார்த்தால் சாதி அவருக்கு முன்னாலேயே அங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு' நாவலில் இது இன்னும் நெருக்கம்: லிஸியும் தங்கராஜும் ஒரே சாதி, ஒரே வேதம். ஆனாலும் அவன் பனையேறி, அவள் புத்தம்வீட்டுப் பெண். நடுவில் நிற்கிற சுவருக்கு அந்த ஒரே வேதத்தால் ஒன்றும் செய்ய முடிவதில்லை.

மறுபடியும் சாயர்புரம். சட்டாம்பிள்ளை படித்த அதே ஊரில் 1850களில் தமிழாசிரியராக வந்து சேர்ந்தவர் எச்.ஏ.கிருஷ்ணபிள்ளை. திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் 1827ல் பிறந்த வைணவ வேளாளர், கம்பனில் ஊறியவர். 1858ல் ஞானஸ்நானம் பெற்றார். 1894ல் வெளிவந்த 'இரட்சணிய யாத்திரிகம்' ஜான் பன்யன் 1678ல் எழுதிய உருவகக் கதையைத் தழுவிய காப்பியம், மூவாயிரத்துச் சொச்சம் விருத்தம். கல்லூரியில் தமிழ் எடுத்தவர்கள் பாடத்துக்காகக் கொஞ்சம் படித்திருப்பார்கள். நான் பொறியியல் படித்தவன், வேலைக்கு வந்த பிறகு தனியாக உட்கார்ந்துதான் படித்தேன். ஓசைக்காகவே படிக்கலாம். பன்யனிடம் இல்லாத கிறிஸ்துவின் பாடுகளை உள்ளே விரிவாகக் கொண்டுவரும் பகுதியில், இவர் தழுவி எழுதுகிறவர் அல்ல, தான் நம்புகிறதை எழுதுகிறவர் என்று தெரிந்துவிடும்.

பன்யனின் கதைநாயகன் பெயரே கிறிஸ்டியன். பிறந்தபோது வைத்த பெயர் வேறு, கிருபை இல்லாதவன் என்று பொருள் தரும் பெயர். தன் ஊர் நெருப்பில் அழியப்போகிறது என்று தெரிந்து ஓடுகிறான். மனைவியும் பிள்ளைகளும் பின்னாலிருந்து கூப்பிடுகிறார்கள். அவன் காதில் விரலை விட்டு அடைத்துக்கொண்டு, ஜீவன் ஜீவன் என்று கத்தியபடி ஓடுகிறான். அந்த ஓட்டத்தில்தான் யாத்திரையே தொடங்குகிறது.

நான் அந்த இடத்தை எப்போது படித்தாலும் அங்கேயே நின்றுவிடுகிறேன். இறையியல் தெரிந்தவர்கள் இதற்கு விளக்கம் சொல்வார்கள்: உருவகம் தம்பி, ஒவ்வொரு ஆத்துமாவும் தனியாகத்தான் நடக்கணும். சரிதான். கிருஷ்ணபிள்ளைக்கும் அது உண்மை. சொந்தக்காரர்களும் சாதிசனமும் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம் என்று நின்ற மனுஷன் அவர். அந்த வலி தெரிந்த கைதான் அதை எழுதியிருக்கிறது. ஆனால் அந்தக் காப்பியத்தில் யாத்திரிகனுக்கு ஊர் என்பது விட்டு வரவேண்டிய இடம் மட்டும்தான். வயல் கிடையாது, வறட்சி கிடையாது, படுத்த படுக்கையாக யாரும் கிடையாது. இந்தப் பெயரின் பொருள் ஒருவன் எங்கே போய்ச்சேர்கிறான் என்பதில் இருக்கிறது. யாரை விட்டுவிட்டுப் போனான் என்று காப்பியம் கேட்பதில்லை.

வண்ணநிலவன் அதைத்தான் கேட்கிறார். அவர் வேதக்காரர் இல்லை, திருநெல்வேலிக்காரர். 'கடல்புரத்தில்' நாவலில் மணப்பாட்டுப் பரதவர்களை எழுதியவர். 'எஸ்தர்' அதைவிடச் சிறியது, பத்து நிமிஷத்தில் படித்து முடிக்கலாம். மழை பொய்த்த ஊர். வீடுகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. மிஞ்சியிருக்கிற ஒரு குடும்பமும் பிழைக்க வெளியூர் போவதென்று பேசி முடிக்கிறது. வர முடியாத பாட்டியையும், வயலையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு வீட்டோடு கிடந்த ஈசாக்கையும் விட்டுவிட்டுப் போவது என்று ஏற்பாடு. அந்த வீட்டை நடத்துகிறவள் எஸ்தர் சித்தி. ஆண்களும் மருமக்களும் அவள் முகத்தைப் பார்த்துத்தான் நடக்கிறார்கள். கிளம்புவதற்கு முன் பாட்டி இறந்துபோகிறாள். எஸ்தர் என்ன செய்தாள் என்று கதை வெளிப்படையாகச் சொல்லாது. படிக்கிறவனுக்குத் தெரிந்துவிடும்.

இந்தக் கதையைப் பற்றி நண்பர்களோடு பேசும்போதெல்லாம் பேச்சு ஒரே தடத்தில்தான் போகிறது. கொலையா கருணையா என்று கடைசிப் பத்தியை வைத்து ஒரு பட்டிமன்றம். ஒரு நண்பர் இன்னும் ஒரு படி போய், "அவங்க கிறிஸ்டியன்ஸ்ங்கறது தற்செயல் பாஸ், எஸ்தர்ங்கற பேர எசக்கின்னு மாத்துனாலும் கதை அப்படியே நிக்கும்" என்றார். வறட்சிக்கும் வறுமைக்கும் மதம் கிடையாது என்ற நல்லெண்ணத்தில் சொன்னதுதான். ஆனால் அப்படி மாற்றினால் கதை வேறாகிவிடும்.

பெயர்களைப் பாருங்கள். ஈசாக். ஆதியாகமத்தில் தகப்பன் பலியிடக் கூட்டிக்கொண்டு போகிற பிள்ளை. கத்தியை எடுத்த பிறகு புதரில் சிக்கிய ஒரு ஆட்டுக்கடா அவன் இடத்துக்கு வந்து சேர்கிறது. இந்தக் கதையில் விட்டுப்போவதாக முடிவாகிற இரண்டு பேரில் ஒருவன் ஈசாக். ஆட்டுக்கடா எங்கிருந்தும் வரவில்லை. எஸ்தர். தன் ஜனம் அழியப்போகிற நேரத்தில் உயிரைப் பணயம் வைத்து அவர்களைக் காப்பாற்றிய ராணி. எபிரேய மூலத்தில் எஸ்தரின் புத்தகத்தில் கடவுளின் பெயர் ஓரிடத்தில்கூட வராது. அவர் பேசுவதில்லை, தூதனை அனுப்புவதில்லை. ஒரு பெண்தான் எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிறாள். வண்ணநிலவனின் எஸ்தரும் தன் ஜனத்தைக் காப்பாற்றுகிறாள். ராணி தன் உயிரை வைத்தாள், இவள் பாட்டியின் உயிரை எடுத்து வைக்கிறாள். ஞானஸ்நானத்தில் ஐயர் தலையில் தண்ணீர் தெளித்து வைத்த பெயர்கள், இப்படி ஒரு பஞ்ச காலத்தில் உள்ளேயிருந்து பேச ஆரம்பிக்கின்றன. எசக்கி என்ற பெயருக்குள் வேறு கதைகள் உண்டு, அதில் வேறு ரத்தம் உண்டு. இந்தக் கேள்வி அதில் வராது.

பசிக்கும் இந்தப் பெயருக்கும் எங்கள் சீமையில் பழைய உறவும் உண்டு. தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டி, 1877-78ல், திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானவர்கள் வேதத்தில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்த கூட்டம் என்ற ஏச்சு அன்றிலிருந்து இருக்கிறது. எனக்கு அந்த ஏச்சு உறைப்பதே இல்லை. சோறு கிடைக்கிற இடத்துக்குப் போவதில் என்ன தப்பு? மத்தேயு 25ஆம் அதிகாரத்துக் கதையில் கடைசி நாளில் கேட்கப்படுவதும் சோற்றுக் கணக்குதான்: பசித்தவனுக்குக் கொடுத்தாயா, தாகத்துக்குத் தண்ணீர் கொடுத்தாயா, வியாதிக்காரனைப் போய்ப் பார்த்தாயா. நீ எந்த சபை என்ற கேள்வி அங்கே கிடையாது. அதிலும் விசேஷம், இரண்டு பக்கத்தாரும் ஒரேமாதிரி திகைக்கிறார்கள். கொடுத்தவனுக்கும் தான் எப்போது கொடுத்தேன் என்று தெரியவில்லை, கொடுக்காதவனுக்கும் தெரியவில்லை.

இந்தக் கணக்கை எஸ்தரிடம் கொண்டுபோனால்தான் சிக்கல். அவள் இரண்டு பக்கத்திலும் நிற்கிறாள். அந்த வீட்டில் கடைசிவரை எல்லோருக்கும் கஞ்சி பார்த்தவள் அவள். பாட்டியைக் கடைசிவரை பார்த்தவளும் அவள். காதில் விரலை விட்டுக்கொண்டு ஓட அவளால் முடியாது. பாட்டியைத் திண்ணையில் கிடத்திவிட்டு, ஈசாக் பார்த்துக்கொள்வான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு நடந்திருந்தால் அவள் பன்யனின் கிறிஸ்டியன் ஆகியிருப்பாள். பாட்டி எப்படியும் செத்திருப்பாள், தனியாக, பல நாள் கிடந்து. யாரும் எஸ்தரைக் குற்றம் சொல்லியிருக்கமாட்டார்கள். அவள் அந்தச் சுலபமான வழியை எடுக்கவில்லை. விட்டுப்போவது என்று குடும்பம் மொத்தமும் கூடி எடுத்த முடிவின் முழுப் பாரத்தையும் ஒரே ராத்திரியில் தன் கையில் வாங்கிக்கொள்கிறாள். ரூத் செய்ததற்கு நேர் எதிர் இது. ஆனால் ரூத்துக்குப் பெத்லகேமில் வாற்கோதுமை அறுப்பு நடந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

அவள் செய்தது சரி என்று நான் சொல்லவில்லை. வண்ணநிலவனும் சொல்லவில்லை, தண்டிக்கவும் இல்லை. கொலைக்கு அனுதாபம் தேடுகிற கதையாக இதைப் படிப்பதும் எனக்கு ஒப்பவில்லை. அந்தக் குடும்பத்தில் யாரும் தன்னைக் கிறிஸ்தவன் என்று எங்கும் அறிவித்துக்கொள்வதில்லை. பெயர்கள் மட்டும் சும்மா இருக்கின்றன, எங்கள் தெருவில் இருப்பதுபோல. சட்டாம்பிள்ளையின் பெயர்ச் சண்டையும் கிருஷ்ணபிள்ளையின் யாத்திரையும் எனக்கு வேண்டியவைதான். ஆனால் 'நீங்க வேதமா' என்று யாராவது கேட்கும்போது தலை ஆடுகிற அந்த நொடியில், எனக்கு நினைவுக்கு வருவது அந்த வீட்டுப் பாட்டி.

பன்யன் ஆறு வருஷம் கழித்து, 1684ல், தன் கதைக்கு இரண்டாம் பாகம் எழுதினார். அதில் அந்த மனைவியும் பிள்ளைகளும் அதே வழியில் நடந்து வந்து சேர்கிறார்கள். விட்டுவந்தவர்களை அவரால் அப்படியே விட்டுவைக்க முடியவில்லை. 'எஸ்தர்' கதைக்கு அப்படி ஒரு பாகம் எழுத வழியில்லை. பிழைக்கப் போன ஊரில் அந்தக் குடும்பம் ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கோயிலுக்குப் போயிருக்கும். வாசலில் யாராவது, எந்த ஊரு, வீட்ல யார் யார் இருக்கீங்க என்று விசாரித்திருப்பார்கள். அதற்கு எஸ்தர் சித்தி என்ன சொல்லியிருப்பாள்?